குழம்புக்கு எடுத்து வைத்த மீன்

(பொன்னேரியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'பரபரப்பான குடும்பத்தை இணைக்கும் வீட்டுச் சமையல்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதுமே உங்களில் பாதிப் பேருக்கு நான் என்ன பேசப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு டி.வி.யை அணையுங்கள், கைப்பேசியை அலமாரியில் வையுங்கள், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள், பாசம் தானாகப் பெருகும். வார இதழ்களின் குடும்பப் பக்கத்தில் வருஷாவருஷம் அச்சாகிற ஆலோசனை இது. தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இங்கிருந்து பஸ் ஏறிக் கிழக்கே இருபது கிலோமீட்டருக்குள் போய் இறங்கினால், பழவேற்காட்டில் இந்த ஆலோசனையை வைத்துக்கொண்டு ஒரு வீட்டைக்கூட நடத்த முடியாது.

ஏன் என்றால், அங்கே எட்டு மணி என்ற ஒன்று கிடையாது. ஏரியில் தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும் நிலாவின் கணக்கு. நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் அது தள்ளிப்போகும். இன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஓட்டம் நன்றாக இருந்தால், அடுத்த வாரம் அதே ஓட்டம் விடியற்காலை இரண்டு மணிக்கு. வலைக்காரர் தண்ணீர் ஓடுகிறபோது போயாக வேண்டும். அவர் வீட்டுச் சாப்பாட்டு நேரமும் நாளுக்கு 50 நிமிடம் நகர்ந்துகொண்டே இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் பலமாக இருக்கும் நாட்களில் அவர் வீட்டில் இருப்பதே அபூர்வம்.

பழவேற்காடு என்றதும் பத்திரிகைகளுக்கு இரண்டு விஷயம்தான் நினைவுக்கு வரும். ஒன்று பூநாரை, இன்னொன்று டச்சுக்காரர் கல்லறை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் வந்ததும், கெல்டிரியா கோட்டை கட்டியதும், 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டு போனதும் எல்லாம் எழுதியாயிற்று. படம் பிடித்தாயிற்று. அடுப்படிக்குள் யாரும் அதிகம் போகவில்லை. நான் இன்றைக்கு அங்கேதான் போகப்போகிறேன்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். கோட்டைக்குப்பமாக இருக்கட்டும், லைட்ஹவுஸ் குப்பமாக இருக்கட்டும், வைரவன்குப்பமாக இருக்கட்டும், கணக்கு பெரிய அளவில் மாறாது. அப்பா நடுராத்திரியில் வலைக்குப் போகிறார். அம்மா இருட்டு விலகுமுன்பே ஏலம் நடக்கிற இடத்தில் நிற்கிறார். கூடைக்கு மீன் எடுத்து, ஐஸ் போட்டு, பொன்னேரிக்கோ மீஞ்சூருக்கோ வண்டி பிடிக்கிறார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது பெரிய உதவிதான். கூடையைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்கிறவர்களுக்குத்தான் இன்னும் திட்டம் எதுவும் வரவில்லை. பெரிய பையன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை. இந்த வாரம் பகல், அடுத்த வாரம் ராத்திரி. அல்லது காட்டுப்பள்ளியிலோ எண்ணூரிலோ துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை. நடுப்பெண் இதே பொன்னேரியில் கல்லூரி. சின்னவன் ஊர்ப் பள்ளிக்கூடம். ஐந்து பேர், ஐந்து கடிகாரம். ஒரே அடுப்பு.

சின்னவன் காலையில் எங்கே சாப்பிடுகிறான்? பள்ளியில். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஐந்தாம் வகுப்பு வரை உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று முறைபோட்டுக் கொடுக்கிறார்கள். சத்துக்குறைவு, படிப்பு, வருகைப் பதிவு என்றுதான் இதைப் பற்றிப் பேசுவார்கள். மீன்பிடி ஊரில் இதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. ஏலத்துக்குப் போன அம்மா, 'பிள்ளை வெறும் வயிற்றோடு போயிருப்பானோ' என்று நினைத்துக்கொண்டே கூடையைச் சுமக்க வேண்டியதில்லை. வீட்டுச் சமையலின் பெருமை பேசக் கூப்பிட்டு, அரசாங்கச் சமையலைப் புகழ்கிறானே என்று நினைக்காதீர்கள். வீட்டு அடுப்புக்கு ஓய்வு கிடைக்கிற இடங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் வீட்டுச் சமையலைப் பற்றி உண்மையாகப் பேச முடியும்.

எல்லோரும் ஒன்றாக இருக்கிற நாள் அங்கே எது தெரியுமா? ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது ஸ்ரீஹரிகோட்டா. அங்கே ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். கடல் தொழில்காரர் வீட்டில் அன்றைக்கு அப்பா இருப்பார். ராக்கெட் புகையை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து மகன் மகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார். வருமானம் போன நாள், ஆனாலும் வீடு நிறைந்த நாள். நாடே விண்வெளியைப் பார்க்கும்போது இங்கே சிலருக்கு வீட்டுச் சாப்பாடு வாய்க்கிறது.

சரி, மற்ற நாளெல்லாம் இந்தக் குடும்பம் எப்படிச் சேர்ந்திருக்கிறது? என் பதில் ஒரு சின்ன வழக்கத்தில் இருக்கிறது. குழம்புக்கு மீன் எடுத்து வைப்பது.

படகு கரைக்கு வந்ததும் மீனைப் பிரிப்பார்கள். ஏலத்துக்குப் போவது ஒரு பக்கம். அதற்கு முன்பே, எடை போடுவதற்கும் விலை சொல்வதற்கும் முன்பே, படகில் போன ஒவ்வொருவருக்கும் வீட்டுக் குழம்புக்கென்று ஒரு கை மீன் தனியாகப் போய்விடும். இது கூலியில் சேராது, பங்கிலும் சேராது. அன்றைக்கு டீசல் காசுக்குக்கூடத் தேறவில்லை என்றாலும் குழம்புக்கு மீன் உண்டு. படகின் சொந்தக்காரர் கணக்கில் எவ்வளவு கறாராக இருந்தாலும் இதில் கை வைத்தால் ஊர் பேசும். ஒரு தொழிலின் கணக்குப் புத்தகத்துக்கு வெளியே, அடுப்புக்கென்று ஓர் இடம் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். நான் பார்த்த வரையில் வேறு எந்தத் தொழிற்சாலையும் இப்படி ஒதுக்கவில்லை. கேன்டீன் டோக்கன் கொடுப்பார்கள். அது தொழிலாளி வயிற்றுக்கு. இது அவர் வீட்டுச் சட்டிக்கு.

எந்த மீன் அப்படி வீட்டுக்கு வருகிறது என்று பாருங்கள். பழவேற்காட்டில் பேர்போனது இறாலும் சேற்று நண்டும். நண்டைக் கால் கட்டி, உயிரோடு எடை போட்டு, தரம் பிரித்து அனுப்புகிறார்கள். சிங்கப்பூர் வரைக்கும் போகிறது. பெரிய இறால் கம்பெனிக்குப் போகிறது. கொடுவா கிடைத்தால் அதுவும் சென்னைக்கு வண்டி ஏறிவிடும். வீட்டுக்கு வருவது காரப்பொடி, ஊடான், கெளுத்தி, கிழங்கா, கொஞ்சம் மடவை. கடல் பக்கம் போனவர் என்றால் கவலையும் கானாங்கத்தையும். நண்டில் ஒரு கால் ஒடிந்தது, சதை பிடிக்காமல் தண்ணியாக இருப்பது, வியாபாரி ஒதுக்கித் தள்ளியது, அதெல்லாம் வீட்டுக்கு. நண்டு ரசத்துக்கு எந்த நண்டானாலும் சரிதான். சளிக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை என்று அங்கே அடித்துச் சொல்வார்கள்.

இதை நான் சோகமாகச் சொல்லவில்லை. பொடி மீனில்தான் ருசி என்பது அந்த ஊர்க்காரர்களின் உறுதியான அபிப்பிராயம், நானும் அந்தக் கட்சிதான். வஞ்சிரத்தை வறுத்துத் தின்றுவிட்டு மீன் சாப்பிட்டேன் என்று சொல்கிற சென்னைவாசிகளைப் பார்த்தால் அங்கே ஒரு மாதிரிச் சிரிப்பார்கள். காரப்பொடியை ஆய்வதற்குப் பொறுமை வேண்டும். சாம்பலோ கல்லுப்போ போட்டுத் தேய்த்து, செதில் எடுத்து, அருவாமனையில் ஒவ்வொன்றாக. ஒரு குடும்பத்துக்கு வேண்டிய பொடி மீனை ஆய்ந்து முடிக்க ஆகிற நேரத்தில் நகரத்தில் ஒரு சீரியல் முடிந்துவிடும். ஆனால் அந்த வேலையைத் தனியாக உட்கார்ந்து செய்கிறவர் குறைவு. வாசலில் நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து ஆய்வார்கள். ஊர்ச் செய்தி, சீட்டுப்பணம், பெண் பார்த்த கதை எல்லாம் அங்கேதான். பூனையும் காக்கையும் பார்வையாளர்கள்.

இப்போது படகு கரைக்கு நெருங்கி கைப்பேசிக்கு டவர் கிடைத்ததும் முதல் போன் வீட்டுக்குத்தான் வரும். 'எவ்வளவு மாட்டுச்சு' என்பது இரண்டாவது கேள்வி. 'குழம்புக்கு என்ன வருது' என்பது முதல் கேள்வி. கெளுத்தி என்றால் ஒரு மாதிரி மசாலா, நெத்திலி என்றால் மாங்காய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சுறாக்குட்டி என்றால் புட்டு, வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால் அவளுக்குத்தான் முதலில். புளியைக் கரைக்கிற கை, கரையிலிருந்து வரப்போகும் பதிலுக்காகக் காத்திருக்கிறது. கணவன் மனைவி பேசிக்கொள்ள நேரமே இல்லை என்று நாம் சொல்கிற குடும்பத்தில், தினமும் தவறாமல் நடக்கிற ஒரு பேச்சு இது.

அடுத்தது அந்தக் குழம்பைப் பற்றி. ஒரே நேரத்தில் சாப்பிட முடியாதவர்கள் என்ன சமைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சுடச்சுடத் தின்றால்தான் ருசி என்கிற எதுவும் அவர்களுக்கு ஆகாது. பூரி ஆகாது, தோசை ஆகாது. காத்திருக்கத் தெரிந்த சாப்பாடு வேண்டும். மீன் குழம்பு அப்படிப்பட்டது. மண்சட்டியில் புளியும் உப்பும் மிளகாய்த்தூளும் கூட்டி வைத்தது, காலையில் ஒரு ருசி, ராத்திரி ஒரு ருசி, மறுநாள் சுண்டவைத்தால் அதற்கு ஈடே கிடையாது. புளிப்பும் உப்பும் அதைச் சீக்கிரம் கெட விடாது. நேரம் ஆக ஆக மீனுக்குள் காரம் இறங்கும். சோறும் அப்படித்தான். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றினால் விடியற்காலையில் வலைக்குப் போய் வந்தவருக்குப் பழையது தயார். அதுவும் தீர்ந்தால் கருவாடு இருக்கிறது. சென்னாக்கூனியை வறுத்து முருங்கைக்கீரையில் போட்டால் பத்து நிமிஷத்தில் ஒரு வேளை ஓடிவிடும். நேரம் தப்பி வருகிறவர்களுக்காகவே ஒரு ஊர் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கி வைத்திருக்கிற சமையல் இது.

இதற்கு நம் இலக்கியத்தில் சாட்சி உண்டு. குடவாயிற் கீரத்தனார் பாடிய அகநானூற்றின் 60ஆம் பாட்டு. காதல் பாட்டுத்தான்; தோழி தலைவனிடம் பேசுகிறாள். ஆனால் நடுவில், தொண்டி என்ற துறைமுகத்தைச் சொல்ல வந்த இடத்தில், புலவர் ஒரு சாப்பாட்டைக் காட்டிவிடுகிறார். பெரிய படகோடு இரவெல்லாம் தொழிலில் தங்கிவிட்ட அப்பனுக்குச் சின்ன மகள் சோறு கொண்டு வருகிறாள். உப்பை விற்று வாங்கிய நெல்லின் வெண்சோறு. மேலே அயிலை மீன் போட்ட புளிக்குழம்பு. கூடவே கொழுத்த மீன் துண்டு. சேரநாட்டு மேலைக்கரையில் நடந்த சங்ககாலச் சங்கதி. ஆனால் இன்றைக்கு எந்தக் குப்பத்திலும் எவர்சில்வர் தூக்கோடு கரைக்கு ஓடுகிற பிள்ளையை நிறுத்தித் திறந்து பார்த்தால் உள்ளே ஏறக்குறைய அதேதான் இருக்கும். குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட வழியில்லாதவனிடம் குடும்பச் சாப்பாடு நடந்து போகிறது. அந்த ஒரு காட்சிக்காகவே கீரத்தனாருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அந்தப் பாட்டில் எனக்கு இன்னொன்றும் முக்கியமாகப் படுகிறது. மீன் சொந்தம், சோறு வாங்கியது. இன்றைக்கும் அதே கணக்குத்தான். பழவேற்காட்டு மீனவருக்கு ஒரு சென்ட் நெல்வயல் கிடையாது. குழம்பு ஏரியிலிருந்து வருகிறது, சோறு ரேஷன் கடையிலிருந்து வருகிறது. 2011 ஜூனிலிருந்து அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி என்றானபிறகு, மீன் படாத வாரங்களில் அடுப்பு எரிந்ததற்கு அதுதான் காரணம். குடும்பப் பாசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அரிசி எங்கிருந்து வருகிறது என்பதைப் பேசுவதில்லை. பானையில் ஒன்றும் இல்லாவிட்டால் எந்தப் பாசத்தை எடுத்துப் பரிமாறுவது?

இனிக் கொஞ்சம் வெளியுலகம். 2025இல் வந்த உலக மகிழ்ச்சி அறிக்கையில், சேர்ந்து சாப்பிடுவதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்கள். நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில், போன ஏழு நாளில் எத்தனை மதியச் சாப்பாடு, எத்தனை இரவுச் சாப்பாடு தெரிந்தவர் ஒருவரோடு சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி அதிகத் திருப்தியோடு பேசுகிறார்கள். அமெரிக்காவில் 2023இல் ஏறக்குறைய நாலில் ஒருவர், முந்தின நாள் எல்லா வேளையும் தனியாகவே சாப்பிட்டதாகச் சொல்லியிருக்கிறார். 2003ஐவிட அது 53 சதவீதம் கூடுதல். ஜப்பானில் 2005லேயே உணவுக் கல்விக்கென்று ஒரு சட்டம் போட்டு, குடும்பமாகச் சாப்பிடுவதை அரசாங்கமே ஊக்கப்படுத்துகிறது. சட்டம் போட்டுச் சோறு ஊட்டுகிற அளவுக்குத் தனிமை முற்றியிருக்கிறது.

அந்த அறிக்கையில் நம் தெற்காசியா எங்கே தெரியுமா? பின்வரிசையில். கூட்டுக் குடும்பம், பந்தி, விருந்தோம்பல் என்று மார்தட்டுகிற நாம் பின்வரிசையில். எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பிறகு அந்தக் கேள்வியைப் பழவேற்காட்டு அம்மா ஒருவரிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். போன ஏழு நாளில் யாரோடு சேர்ந்து சாப்பிட்டீர்கள்? அவர் அத்தனை பேருக்கும் போட்டார். ஐந்து கடிகாரத்துக்கும் தனித்தனியாகச் சோறு போட்டார், குழம்பைச் சுடவைத்தார், ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தவனுக்கு எழுந்து கதவு திறந்தார். அவர் சாப்பிட்டது எல்லோரும் முடித்த பிறகு, சட்டியோரத்தில் உட்கார்ந்து, தனியாக. 'யாரோடும் இல்லை' என்றுதான் சொல்வார். உண்மையைத்தான் சொல்வார்.

இந்த இடத்தில் என் தலைப்பு எனக்கே உறுத்த ஆரம்பிக்கிறது. மீனில் நடுத்துண்டு வேலைக்குப் போகிற ஆணுக்கு. சினை இருந்தால் பிள்ளைக்கு. வாலும் தலையும் கடைசியில் சாப்பிடுகிறவருக்கு. 'எனக்குத் தலைதான் பிடிக்கும்' என்று அவர் சொல்வார். எத்தனை அம்மாக்களுக்குத் தலை பிடித்திருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் தாய்மார்களின் ருசி இப்படி ஒரே மாதிரி அமைந்தது ஆச்சரியமான தற்செயல்தான்.

மத்திய அரசின் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2024இல் நடந்தது. சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடுகிற பெண் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரி 289 நிமிடம். ஈடுபடுகிற ஆண் 88 நிமிடம். 2019இல் இது 299, 97 என்று இருந்தது. ஐந்து வருஷத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது. ஆக, அந்தப் பத்து நிமிடத்தை ஆண் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. மிக்சியும் கேஸும் ஏற்றுக்கொண்டிருக்கலாம். ஏலத்துக்குப் போய், கூடை சுமந்து, பொன்னேரித் தெருக்களில் கூவி விற்றுவிட்டு வருகிற பெண்ணுக்கு இந்த 289 நிமிடம் அதற்கு மேல்.

'மீன்பிடிக்கிறவனுக்குச் சமைக்கத் தெரியாது சார்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காசிமேட்டிலிருந்து பல நாள் தங்கலுக்குப் போகிற விசைப்படகில் யார் சமைக்கிறார்கள்? படகில் அரிசி இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, புளி, மிளகாய்த்தூள், எண்ணெய் எல்லாம் இருக்கிறது. படகு ஆடுகிற ஆட்டத்தில் சட்டி சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உயிரோடு துள்ளுகிற மீனைப் போட்டு ஆண்கள் வைக்கிற குழம்பு பிரமாதமான குழம்பு. அதைப் பற்றி அவர்களே பெருமையாகச் சொல்வார்கள். வீட்டில் வைக்கிற குழம்பைவிட மேல் என்றுகூடச் சிலர், மனைவி பக்கத்தில் இல்லாதபோது, சொல்வதுண்டு. கரையில் கால் வைத்ததும் அந்தக் கை மறந்துபோகிறது. கடலில் தெரிந்த வித்தை தரையில் தெரியாமல் போகிற அதிசயத்தை எந்தக் கடல்வள ஆராய்ச்சி நிலையமும் இன்னும் ஆராயவில்லை.

இன்னொரு வீட்டையும் சொல்லாமல் போனால் நான் சொன்னது அரைகுறையாகிவிடும். இந்த ஏரியில் பாடு என்ற ஏற்பாடு உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களின் தலைக்கட்டுகளுக்கு, எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். சண்டையில்லாமல் ஏரியைப் பங்கிட்டுக்கொள்ள முன்னோர் கண்ட வழி. வெளிநாட்டு ஆய்வாளர்களெல்லாம் வந்து எழுதியிருக்கிறார்கள். முறை வந்த நாளில் அந்த வீட்டு அடுப்பு தூங்காது. ஆனால் தலைக்கட்டு வரிசையில் பெயர் இல்லாதவர்களும் ஏரியைச் சுற்றி இருக்கிறார்கள். இருளர் பெண்கள் மார்பளவு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையையும் சேற்றில் விட்டு, மணிக்கணக்கில். பிடித்த இறால் விற்கப் போகிறது. கை விரலெல்லாம் கீறலோடும் வெடிப்போடும் வீட்டுக்கு வந்து, அதே கையால் உப்பும் மிளகாயும் பிசைந்து சமைக்க வேண்டும். அந்தக் கையில் மிளகாய் படும்போது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்துவிட்டு 'அம்மா கைமணம்' என்ற சொல்லை உபயோகிப்போம்.

ஊரே சேர்ந்து சாப்பிடுகிற நாட்களும் இருக்கின்றன. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது வீட்டுக்கு வீடு கேழ்வரகு மாவு வரும், கூழ் எல்லோருக்கும் ஒரே அண்டாவில். ராத்திரி கும்பம் போடுவார்கள். சோற்றை மலையாகக் குவித்து, கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் சேர்த்து அம்மன் முன்னால் படைத்து, பிறகு ஊருக்கே பங்கு. அன்றைக்கு மட்டும் அம்மனே கருவாடு சாப்பிடுகிறாள் என்பதால், கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்கள் யாரும் அங்கே கிடையாது. துக்க வீட்டிலும் அப்படித்தான். அங்கே அடுப்பு மூட்டமாட்டார்கள். பங்காளி வீட்டிலிருந்தும் சம்பந்தி வீட்டிலிருந்தும் சோறு வரும். வேண்டாம் என்று அழுகிறவரை அதட்டி உட்காரவைத்து ஒரு கவளமாவது தின்னவைக்க ஒரு பெரியம்மா எல்லா ஊரிலும் இருக்கிறார்.

இப்போது அந்தக் குழம்பு மீனுக்கே சிக்கல் வந்திருக்கிறது. ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரம் மணல் மூடிக்கொள்கிறது. முகத்துவாரம் அடைபட்டால் கடலிலிருந்து குஞ்சு இறாலும் மீனும் உள்ளே வராது, ஏரி உப்பேறும், வற்றும். ஏற்கெனவே ஆழம் குறைவான ஏரி. பல இடங்களில் ஒரு ஆள் நடந்தே போய்விடலாம். தெற்கே எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் வந்தபிறகு கரையும் நீரோட்டமும் மாறிவிட்டதாக மீனவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை அவர்கள் எதிர்ப்பதற்கு அதுவே காரணம். மீன் குறையக் குறைய, முன்பு குழம்புக்கு என்று தள்ளிவைத்த பொடி மீனுக்கும் விலை வந்துவிடுகிறது. விலை வந்த மீன் வீட்டுக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக் கடைவீதியில் பிராய்லர் கோழிக்கடை முன்னால் மீனவக் குடும்பங்கள் நிற்பதைப் பார்க்கலாம். கோழி தின்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கோழிக்கு ஒரு போன் வராது. 'குழம்புக்கு என்ன வருது' என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. கடைக்காரர் அரைக் கிலோவா, ஒரு கிலோவா என்று மட்டும் கேட்பார்.

ஆக, ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை. ஷிப்டு வேலையும் நீரோட்டமும் நம் பேச்சைக் கேட்காது. இங்கே கூடியிருக்கிற உங்களில் பலருக்கும் அதே நிலைதான். ஒருவர் சென்ட்ரலுக்கு விடியற்கால ரயில், ஒருவர் ஸ்ரீபெரும்புதூருக்குக் கம்பெனி பஸ். எடுத்து வைத்தால் போதும். யாருக்கு யார் எடுத்து வைப்பது, எந்தத் துண்டை எடுத்து வைப்பது என்பதில்தான் எனக்கு வழக்கு.

அந்த வழக்குக்கு நல்ல வாய்ப்பு ஒன்று வருஷாவருஷம் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017இல் கூட்டினார்கள். காசிமேட்டுப் படகில் தொழிலுக்குப் போகிற ஆட்கள் அந்த இரண்டு மாதமும் ஊரில் இருப்பார்கள். வலை பின்னுவார்கள், படகைப் பழுது பார்ப்பார்கள், மீதி நேரம் மரத்தடியில் சீட்டாடுவார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களுக்குத் தடைக்காலம் கிடையாது. ஃபைபர் படகு மீனை எடுத்துக்கொண்டு கூடையோடு பொன்னேரிக்கு வந்தபடிதான் இருப்பார்கள்; தடைக்காலத்தில் மீன் விலை ஏறும், விற்றால்தான் வீடு ஓடும். படகில் குழம்பு வைக்கத் தெரிந்த அண்ணன்மார்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அந்த 61 நாளும் சட்டியை நீங்கள் எடுங்கள். கூடை இறக்கிவிட்டு வருகிறவருக்கு நடுத்துண்டை எடுத்து வையுங்கள். தரையில் அடுப்பு ஆடாது, வேலை சுலபம். புளி எந்த டப்பாவில் இருக்கிறது என்று மட்டும் அவருக்குப் போன் போட்டுக் கேட்காதீர்கள்.